எட்வின் ஹார்க்கர் தூக்கிய விரல்

ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை விடியலில், ஸ்வைன்பெக் பறவைச் சங்கத்தார் ஹாலின் சதுப்பு என்னும் ஈரநிலத்துக்குள் போகும் மரக்கதவின் முன் நின்று மூச்சை அடக்குவார்கள். மழை பெய்தாலும் அடக்குவார்கள். பெய்யாவிட்டால்தான் ஏதோ தப்பு என்று வானத்தைப் பார்ப்பார்கள். தலைவர் எட்வின் ஹார்க்கர் கண்ணை மூடி, தாடையை லேசாகத் திருப்பி, வலது சுட்டுவிரலைத் தூக்கி, "அதோ" என்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குக் கேட்கும்.

கேட்பது வெட்டுக்கிளிக் குருவியின் குரல். ஆப்பிரிக்காவிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்து, முட்புதருக்குள் எலியைப் போல ஓடித் திரிந்து, யார் கண்ணிலும் படாமல் கோடையை முடித்துக்கொண்டு திரும்பிப் போகிற ஒரு பழுப்புப் பறவை. அது எழுப்புவதைப் பாட்டு என்று சொன்னால் மற்றப் பறவைகள் கோபித்துக்கொள்ளும். தூண்டில் சக்கரத்தை நிறுத்தாமல் சுற்றினால் வருமே, அந்தக் கிர்ர்ர்தான். மிக மெல்லிய, மிக உயர்ந்த ஒலி. வயது ஏறும்போது மனிதக் காது முதலில் கைவிடுவது இந்தக் குரலைத்தான். ஆகவே சங்கத்தில் அதைக் கேட்பது இயற்கை ரசனை அல்ல, மருத்துவச் சான்றிதழ்.

வில்ஃப்ரிட் பீக்காக் என்று ஒருவர் இருந்தார். பறவைகளைப் பற்றி அந்தப் பள்ளத்தாக்கில் அவருக்குத் தெரியாதது இல்லை. ஒரு வசந்தத்தில் அவர் அந்தக் கதவருகே நின்று, "எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஊரில் எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் சொல்வது. அடுத்த ஆண்டு வில்ஃப்ரிட் வரிசையின் கடைசியில் நடந்தார். அதற்கடுத்த ஆண்டு தேநீர் ஃபிளாஸ்குகள் அவர் பொறுப்பில் வந்தன. அவர் இறந்தபோது சங்கத்தின் இரங்கல் குறிப்பு, அவர் போட்ட தேநீர் எப்போதும் சூடாக இருந்ததைப் பாராட்டியது.

இதையெல்லாம் எட்வின் மறக்கவில்லை. மறக்கவே முடியாத நிலையில் அவர் இருந்தார். ஏனென்றால் கடந்த பல வசந்தங்களாக அவர் விரலைத் தூக்கினாரே தவிர, ஒரு தடவைகூட அந்தக் குருவியைக் கேட்டதில்லை.

எட்வின் சந்தையூரில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். பாதிப் பள்ளத்தாக்கின் கண்களைச் சோதித்து, "பெரியம்மா, இனிமே நீங்க வண்டி ஓட்டக்கூடாது" என்று முகத்துக்கு நேரே சொல்லி, அவர்கள் அழுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். பக்கத்துக் கடை காது பரிசோதனைக் கடை. ஓய்வு பெறும்வரை அந்தப் படியைத் தாண்டித்தான் தினமும் நடந்தார். ஏறியதில்லை. அடுத்தவர் கண்ணைப் பற்றிய உண்மை ஒரு வகை, சொந்தக் காதைப் பற்றிய உண்மை வேறு வகை.

அவருடைய மனைவி எனிட்டுக்குப் பறவை என்றால் அடுப்பில் இருக்கும் கோழிதான். வசந்த நடைகளின்போது காரிலேயே உட்கார்ந்து, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, குறுக்கெழுத்துப் போடுவாள். எட்வின் முழங்கால்வரை சேறாகத் திரும்பி வந்து, உள்ளான் எப்படி வாலைச் சிலிர்த்து வானத்தில் ஆட்டுக்குட்டி போலக் கத்தியது என்று விவரிக்கும்போது, "நல்லது. ஆறெழுத்து, சதுப்பு நிலத்துக்கு இன்னொரு பேரு சொல்லு" என்பாள்.

எனிட் ஒரு நவம்பரில் போனாள். வீட்டில் ஒலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வானொலியோடு சண்டை போடும் குரல் முதலில். மாடிப்படியின் மூன்றாம் பலகை முனகுவது அடுத்து. எட்வின் அந்தப் பலகையை எப்போதும் தாண்டித்தான் மிதிப்பார், அதை முனகவைத்தவள் அவள்தான். அவர் இரண்டு கோப்பைகளை எடுத்து வைப்பதும், ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பதுமாக அந்தக் குளிர்காலம் கழிந்தது.

சங்கத்தாருக்கு மனசு கேட்கவில்லை. அந்த நாட்டில் மனசு கேட்காவிட்டால் இறந்தவர் பேரில் பெஞ்சு போடுவார்கள். பிப்ரவரியில் எல்லோரும் அரிவாளும் ரம்பமுமாகச் சதுப்புக்குள் இறங்கினார்கள். குருவியின் குரலைச் சுகமாக உட்கார்ந்து கேட்கத் தோதான இடமாகப் பார்த்து, அங்கிருந்த முட்புதரையும் கோரைத் திட்டுகளையும் வெட்டிச் சுத்தம் செய்து, கருவாலி மரத்தில் ஒரு பெஞ்சை நாட்டினார்கள். அதில் பித்தளைத் தகடு: 'இவ்விடத்தைப் பெரிதும் நேசித்த எனிட் ஹார்க்கரின் நினைவாக.' எட்வின் அதைப் படித்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். அழுகிறார் என்று நினைத்து எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். பாதி அழுகைதான். மீதிப் பாதி, எனிட் இதைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்ற நினைப்பில் வந்த வேறொன்று.

அந்த ஏப்ரலில் கதவின் முன் நின்றார்கள். எட்வின் கண்ணை மூடினார். ஆட்காட்டி கத்தியது. மேலே ஹெதர் செடி மண்டிய மேட்டில் காட்டுக்கோழி ஒன்று, போ போ என்று யாரையோ விரட்டியது. கிர்ர்ர் மட்டும் இல்லை. அவர் காத்திருந்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்போது பொருளாளர் ரோனல்ட் மெட்காஃப் தொண்டையைச் செருமி, "அதோ, எட்வின்" என்றார். "ஆமா, அதோ" என்றார்கள் மற்றவர்கள், ஒருவர்பின் ஒருவராக.

எட்வின் கண்ணைத் திறந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்கிறது, தனக்கு மட்டும் கேட்கவில்லை. துக்கம் காதை அடைக்கும் என்று அவர் எங்கும் படித்ததில்லை. வயது அடைக்கும் என்று நன்றாகத் தெரியும். கண் முன்னால் ஃபிளாஸ்குகள் வரிசையாக நின்றன. எனிட் போன பிறகு அவரிடம் மிச்சமிருந்தது சனிக்கிழமைதான். சனிக்கிழமையும் போய்விட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியாது. "ஆமா," என்றார். "நல்லாப் பாடுது."

அடுத்த ஆண்டு யாரும் முந்திக்கொள்ள இடம் வைக்காமல் தானே விரலைத் தூக்கினார். அதற்கு ஒரு உத்தியும் வைத்திருந்தார். கண்ணை முழுக்க மூடாமல் இமை இடுக்கு வழியே ரோனல்டின் முகத்தைப் பார்ப்பது. ரோனல்டின் புருவம் உயர்ந்தால் குருவி பாடுகிறது என்று கணக்கு. இந்தக் கணக்கு பல வசந்தங்களுக்குப் பிசகாமல் ஓடியது.

பிசகியது லின்சி கௌலிங் வந்த ஆண்டு. லின்சி சந்தையூரில் கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவள். முதல் நடைக்கே ஆரஞ்சு நிற மழைச்சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். சேற்றின் நிறத்தைத் தவிர வேறு எதையும் உடுத்தாத கூட்டத்துக்கு நடுவில் அது தீப்பிடித்த மாதிரி இருந்தது. செயலாளர் அம்மாள் பெரில் ஆல்டர்சன் அவளை வரவேற்று, "பரவால்ல கண்ணு, பறவைங்க மன்னிச்சிடும்" என்றார். தான் மன்னிப்பதாகச் சொல்லவில்லை.

கதவின் முன் வழக்கப்படி மூச்சடங்கியது. ரோனல்டின் புருவம் உயர்ந்தது. எட்வின் விரலைத் தூக்கினார்.

"அதோ."

"ஆகா," என்றார் பெரில்.

"போன வருஷத்தவிட கொஞ்சம் கிட்டத்துல இருக்கு," என்றார் ரோனல்ட்.

"எங்க?" என்றாள் லின்சி. "எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

கூட்டம் அவளை இரக்கத்தோடு பார்த்தது. பெரில் அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். "சில காதுக்கு அது எட்டாது கண்ணு. உன் தப்பு இல்ல. இந்தக் காலத்துல எல்லாரும் காதுல எதையாவது செருகிக்கிட்டே திரியறீங்க."

"இருங்க இருங்க. இப்பக் கேக்குது. விசில் மாதிரி. ரொம்ப மெல்லிசா."

"அதேதான். பாத்தியா, மனச அடக்கினா வந்துடும்."

"ஆனா புதர்லேர்ந்து வரல." லின்சி மோப்பம் பிடிக்கிற நாயைப் போலத் தலையைத் திருப்பித் திருப்பி நடந்து, ரோனல்டுக்கு முன்னால் போய் நின்றாள். "உங்க தொப்பிக்குள்ளேர்ந்து வருதுங்க."

ரோனல்டின் கை கம்பளித் தொப்பிக்குள் போனது. காதுக் கருவி ஒன்றை அழுத்திச் சரிசெய்தது. அவர் அப்படியொரு கருவி போட்டிருப்பது சங்கத்துக்கு அன்றுதான் தெரிந்தது. விசில் நின்றது. அத்தோடு குருவியும் நின்றுவிட்டது.

"ரெண்டும் வேற வேற சத்தம்," என்று பெரில் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொண்டு, அவசரமாகச் சாண்ட்விச்சைப் பிரித்தார்கள்.

எட்வின் பிரிக்கவில்லை. கார் நிறுத்தியதிலிருந்து அந்த விசில் அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தன் காதுதான் கெட்டுப்போய் இரைகிறது என்று இவ்வளவு நேரம் நினைத்திருந்தார். ரோனல்ட் அழுத்தியதும் அது சட்டென்று அறுந்ததையும் கேட்டார். செவிடனுக்கு இப்படிக் கேட்குமா?

அடுத்த வாரம், தெரிந்தவர் யாரும் பார்த்துவிடாமல் இரண்டு ஊர் தள்ளிப் போய்க் காதைச் சோதித்துக்கொண்டார். அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பெண் கதவைத் திறந்து, "உங்க வயசுல இப்படி ஒரு காத நான் பாத்ததே இல்ல சார். உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு வந்தீங்க?" என்றாள்.

"ஒரு குருவி கேக்கல," என்றார் எட்வின்.

"அப்ப குருவி அங்க இல்ல."

எத்தனையோ பேரின் கண்ணைப் பற்றி அவர் இதே தொனியில், இதே அலட்சியத்தோடு உண்மை சொல்லியிருக்கிறார். அது இப்படித்தான் வந்து இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் விடியலில் தனியாகச் சதுப்புக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். உள்ளான் கேட்டது, வானம்பாடி கேட்டது, ஓடையின் முணுமுணுப்பு கேட்டது. வேறில்லை. எனிட்டின் பெஞ்சில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். முன்பு குருவி பாடிய முட்புதர் எங்கே என்று தேடினார். அவர் உட்கார்ந்திருந்த இடம்தான் அது. சுற்றிலும் பாதிரியார் வீட்டுப் புல்வெளி போல மழமழவென்று வெட்டப்பட்ட புல். ரோனல்ட் மாதம் தவறாமல் தன் சொந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து வெட்டுவது. மரியாதைக்காக.

எட்வின் நேராகப் பெரிலின் வீட்டுக்குப் போனார். பெரில் பழக் கேக்கும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தார்.

"பெரில், ஒண்ணு கேக்கறேன், ஒளிக்காம சொல்லு. அந்தக் குருவிய நீ கடைசியாக் கேட்டது எப்ப?"

"போன வாரம். நீதான விரலத் தூக்கின."

"என் விரல விடு. குருவி."

பெரில் தேநீர்ப் பாத்திரத்துக்குக் கம்பளி உறையை மாட்டினார். கழற்றினார். திரும்ப மாட்டினார். "எனிட் இருந்தப்ப."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் உனக்குக் கேக்குதே, அது போதும்னு இருந்துட்டோம்."

"எனக்குக் கேக்கவே இல்ல. ரோனல்டுக்குத்தான் கேட்டுச்சு."

"ரோனல்டுக்கா? அவனுக்கு அவன் பொண்டாட்டி சாப்பிடக் கூப்பிடறதே கேக்காது." பெரில் உட்கார்ந்தார். "அந்த வருஷம் உன் மூஞ்சி இருந்த இருப்பு உனக்குத் தெரியாது எட்வின். பொண்டாட்டியும் போயி, குருவியும் வரலன்னா நீ என்ன ஆவியோன்னு இருந்துச்சு. ரோனல்டு பொறுக்கமாட்டாம 'அதோ'ன்னுட்டான். நாங்களும் ஆமான்னுட்டோம். ஒரு வருஷத்துக்குத்தானேன்னு."

"சரி. அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் நீயே தூக்கிட்டியே. அப்பாடா, நெசமாவே வந்துடுச்சு போலிருக்கு, நமக்குத்தான் காது போச்சுன்னு நெனச்சுக்கிட்டோம். இன்னொரு துண்டு கேக்கு எடுத்துக்கோ."

எட்வின் எடுத்துக்கொண்டார். என்ன செய்வது, அன்பாகத்தான் செய்திருக்கிறார்கள். அன்பாகவே புதரை வெட்டி, அன்பாகவே குருவியை விரட்டி, அன்பாகவே இல்லாத குருவியைக் கேட்டு, ஒவ்வோர் ஆண்டும் மாவட்டப் பறவைப் பதிவாளருக்கு 'வழக்கம்போல் பாடியது' என்று எழுதியும் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பதிவை நம்பித்தான் ஹாலின் சதுப்பில் எல்லாம் நலம் என்று மேலே உள்ளவர்கள் இதுவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மே மாதம் தேவாலயக் கூடத்தில் சங்கக் கூட்டம். எட்வின் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். தான் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை, பெஞ்சை எடுத்துவிட்டு முள்ளை வளரவிட வேண்டும். நாற்காலிகள் கிரீச்சிட்டன.

"பெஞ்ச எடுக்கறது எனிட்டுக்குப் பண்ற அவமரியாத," என்றார் ஒருவர்.

"எனிட்டுக்கு ஒரு அவமரியாதயும் இல்ல. அவ அங்க ஒரே ஒரு தடவ வந்தா. ஷூ நனைஞ்சிடுச்சுன்னு பாதியிலேயே திரும்பிட்டா."

"எழுதியிருக்கே எட்வின், பெரிதும் நேசித்தாள்னு," என்றார் ரோனல்ட், புண்பட்ட குரலில். "பித்தளையில எழுதியிருக்கு."

"அப்ப இத்தன வருஷமா நாம அனுப்பின பதிவெல்லாம் என்ன ஆகும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். உண்மையான கவலை அப்போதுதான் வெளியே வந்தது. கூடம் அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டது. கேட்காததைக் கேட்டதுபோல் இருந்து பழகியவர்களுக்கு இது பெரிய சிரமமில்லை.

நினைவுச் சின்னத்தைத் தொடக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தது எட்வின் மட்டும். லின்சியும் கை தூக்கினாள். சேர்ந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு வாக்கு இல்லை என்று பெரில் அன்போடு அந்தக் கையை இறக்கினார். கூடவே இன்னொரு தீர்மானம்: தலைவர் களைத்திருப்பதாகத் தெரிவதால், அவர் தேறும்வரை நடைகளை ரோனல்ட் மெட்காஃப் நடத்துவார். இவ்வளவு காலம் காது கேட்காமல் போனால் எது பறிபோகும் என்று எட்வின் பயந்தாரோ, அது காது நன்றாகக் கேட்டதனால் பறிபோனது. யாரும் அவரைத் திட்டவில்லை. ஒருவர் அவர் தோளைக்கூடத் தட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் எட்வின் பெரிய ஸ்பானருடன் சதுப்புக்குள் இறங்கினார். லின்சி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அதே ஆரஞ்சுச் சட்டையில் வந்திருந்தாள். பெஞ்சின் கால்களைக் கான்கிரீட்டில் இறுக்கியிருந்த நட்டுகளில் மூன்று கழன்றுவிட்டன. நான்காவது அசையவில்லை. எட்வின் அதன்மேல் கவிழ்ந்து கிடந்தபோது, புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோனல்ட் வந்து நின்றார்.

"எட்வின், சங்கத் தீர்மானம் இருக்கு."

"இருக்கட்டும். இந்த நட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு."

"நான் பெரிலுக்குப் போன் பண்ண வேண்டியிருக்கும்."

"பண்ணுங்க," என்றாள் லின்சி. "சிக்னல் அந்த மேட்டுக்குப் போனாத்தான் கிடைக்கும்."

ரோனல்ட் மேட்டைப் பார்த்தார். ஸ்பானரைப் பார்த்தார். எட்வின் அதைத் திருப்பும் விதத்தைப் பார்த்தபோது அவர் முகம் வலியில் சுருங்கியது. "நீ அப்படித் திருப்பினா அது ஜென்மத்துக்கும் கழலாது. அது நான் போட்ட நட்டுப்பா. தள்ளு."

இயந்திரத்தைப் புல்லில் இறக்கி வைத்துவிட்டு, தீர்மானத்துக்கு எதிராகத் தான் எதுவும் செய்யவில்லை என்றும், சும்மா நட்டை மட்டும் பார்ப்பதாகவும் சொல்லிக்கொண்டே கழற்றினார். கழன்ற பெஞ்சை எட்வினும் லின்சியும் தூக்க முனைந்ததையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "முதுகு போயிடும். முட்டிய மடக்கு. இரு, நான் அந்தப் பக்கம் வரேன்." கடைத்தெருப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார இடமே இல்லை, அங்கே கொண்டுபோய்ப் போடுகிறோம் என்று எட்வின் சொன்னார். "அங்கயா," என்றார் ரோனல்ட், "அது மேடாச்சே," என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

கற்சுவர்களுக்கு நடுவே ஏறும் குறுகலான பாதையில் பாதி தூரம் போனதும் மூன்று பேருக்கும் மூச்சு முட்டியது. பெஞ்சைப் பாதையின் நடுவிலேயே இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்தார்கள். லின்சி ஃபிளாஸ்கைத் திறந்து, எட்வினுக்கும் ரோனல்டுக்கும் ஊற்றிக் கொடுத்தாள். எட்வினின் முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தகடு சில்லென்று இருந்தது. சாய்ந்துகொண்டார்.

"அடுத்த ஏப்ரல்ல நான் என்ன பண்றது எட்வின்?" என்றார் ரோனல்ட், கோப்பைக்குள் பார்த்தபடி. "கதவுகிட்ட எல்லாரும் நின்னுக்கிட்டு என் மூஞ்சியத்தான பாப்பாங்க."

"முள்ளு அதுக்குள்ள வளர்ந்துடாது. கேக்கலன்னு சொல்லு."

"தலைவர் எப்படிப்பா அப்படிச் சொல்றது?"

"வாயத் திறந்து சொல்றதுதான்."

"நம்ம சங்கத்துல அப்படி ஒரு வழக்கம் இல்லியே," என்றார் ரோனல்ட், உண்மையிலேயே குழம்பிப்போய்.

பின்னால் டிராக்டர் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "என்ன பெரியவரே, பஸ்ஸுக்கா?"

"இன்னும் கொஞ்ச தூரம் போகணும்," என்றார் எட்வின்.

"மெதுவா குடிங்க. எனக்கு என்ன, ஆடுதான காத்திருக்கு." அவன் எஞ்சினை அணைத்தான்.